ஆதிக் கிறிஸ்தவச் சபைத் தலைவர்கள் பிரச்சினையில் இருந்த சபைகளுக்கு ஏன் கடிதம் எழுதினார்கள்?

உடனே நேரில் போக முடியாததுதான் முதல் காரணம். கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்துச் சபையைப் பாருங்கள். ஊர் ஊராகப் போய் இயேசுவைப் பற்றிப் போதித்து அதைத் தொடங்கிய பவுல், கடல் தாண்டி எபேசு நகரத்தில் இருந்தார். சபை கட்சி கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது என்று குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் அவரிடம் சொன்னார்கள். சபையாரும் திருமணம் போன்ற விஷயங்களைக் கேட்டு எழுதியிருந்தார்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பந்தி விவகாரம். இயேசுவை நினைத்துச் சேர்ந்து உண்ணும் கர்த்தருடைய பந்திக்குக் கூடும்போது சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டு, குடித்து வெறித்திருந்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் நேராகவே கேட்கிறார். இப்படிப்பட்ட கடிதங்களைச் சபை நடுவில் உரக்க வாசிப்பார்கள். அவமானப்பட்டவரும் படுத்தியவரும் சேர்ந்தே கேட்டாக வேண்டும்.

அப்புறம், முதல் நூற்றாண்டின் கடைசியில் அதே கொரிந்துவில் சபையை நடத்திய மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ரோமாபுரிச் சபை கடிதத்தோடு மூன்று பேரையும் அனுப்பி, சமாதானச் செய்தியுடன் அவர்களைச் சீக்கிரம் திருப்பி அனுப்பச் சொன்னது.