வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம்? ஈரத்துக்குக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்

கேள்வி: அண்ணா, நான் ஹட்டன் டவுனில் கொம்பியூட்டர் திருத்துகிற கடையில் வேலை செய்கிறேன். வாரத்தில் ஆறு நாள் வேலை, பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்து சேர இரவு ஏழரை. அம்மா கொழுந்து எடுக்கிறார். சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க்கிங் பரீட்சை) எழுத ஆசை. கொழும்பில் இருக்கும் கூட்டாளி, வாரம் 20 மணித்தியாலம் படிக்க முடியாவிட்டால் அந்தப் பக்கமே போகாதே என்கிறான். எனக்கு எப்படி உருட்டினாலும் 10தான் வருகிறது. விட்டுவிடவா?
(நோர்வூட் வாசகர்)

பதில்: விடாதீர்கள் தம்பி. ஆனால் அந்தப் பத்தை முதலில் தராசில் போடுவோம். அம்மாவைக் கேளுங்கள், கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் கிலோ எழுதுவார்கள். தோட்டத்தில் அந்தக் கழிவு அநியாயம் என்பது வேறு கதை, படிப்பில் அதை நாமே செய்துகொள்ள வேண்டும். யூடியூப்பில் யாரோ ரூட்டர் கொன்ஃபிகர் செய்வதைத் தலையணையில் சாய்ந்து பார்த்த ஒரு மணித்தியாலத்துக்கு நான் அரைப்பேர்தான் (அரை நாள் கணக்குத்தான்) போடுவேன், நடுவில் வாட்ஸ்அப் பார்த்திருந்தால் அதுவும் இல்லை. உங்கள் கூட்டாளியின் இருபதைக் கழித்துப் பார்த்தால் எட்டு தேறுமோ என்னவோ.

என் கணக்கு இதுதான். நெட்வொர்க்கிங் புதிதாகப் படிக்கிற ஒருவருக்கு சிசிஎன்ஏவுக்கு ஏறக்குறைய 200 மணித்தியாலம், கழிவு போகச் சுத்தமாக, வேண்டும். உங்கள் பத்தில் கழிவு போக வாரம் 8 என்றால் 25 வாரம், அதாவது ஆறு மாதம். வாரம் 4 என்றால் ஒரு வருடம் இழுக்கும், அதற்குள் முதல் மாதம் படித்தது மறந்து போகும், அதனால் ஆறுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பேன். மேலே 12ஐத் தாண்டுவதும், முழுநேர வேலைக்குப் போகிறவருக்கு, மூன்றாவது வாரத்தில் முறிந்துவிடும்.

அந்த எட்டை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நான் முதல் தடவை கோட்டை விட்டதே அதில்தான். அப்போது கண்டியில் போர்டிங். வேலைநாளில் புத்தகத்தைத் தொடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை முதல் இரவு வரை ஒன்பது மணித்தியாலம். எழும்பும்போது பெரிய ஆளாகிவிட்ட மாதிரி இருக்கும். அடுத்த ஞாயிறு வரும்போது பாதி கரைந்திருக்கும், திரும்பப் படிக்கவே மத்தியானம் ஆகிவிடும். பரீட்சையில் 120 நிமிடம், ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது, நான் சப்நெட் கணக்கு (நெட்வொர்க் முகவரிகளைக் கட்டுக் கட்டாகப் பிரிப்பது) ஒன்றிலேயே ஆறேழு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஃபெயில். சித்தியடைய எத்தனை புள்ளி வேண்டும் என்று சிஸ்கோ வெளியில் சொல்வதும் இல்லை, எவ்வளவில் தவறினேன் என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். ஐந்து நாள் கழித்துத் திரும்ப எழுதலாம், ஆனால் 300 டொலரைத் திரும்பக் கட்ட வேண்டுமே. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலும் 90,000.

இரண்டாம் தடவை தினமும் ஒரு மணித்தியாலம் என்று மாற்றினேன். உங்களுக்கு இரவு சரிவராது, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் நாடகம் ஓடுகிற சத்தத்தில் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் வழி கண்டுபிடிக்கிற முறை) ஏறாது. அம்மா பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம்) போக அடுப்பு மூட்டுகிற நேரம் எப்படியும் வீடு விழித்துக்கொள்ளும், நாலரையிலிருந்து ஐந்தரை வரை அந்த ஒரு மணித்தியாலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்கு ஐந்து. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் பக்கெட் டிரேசரில் (கொம்பியூட்டருக்குள்ளேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கிற மென்பொருள்) கைவேலை மட்டும். அது சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகடமியில் பதிந்தால் இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டாவை அதிகம் தின்னாது. போயா லீவு கிடைத்தால் அது போனஸ், கணக்கில் சேர்க்காதீர்கள், வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும்.

பஸ்ஸிலும் ஒன்று செய்யலாம். டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரே ஒரு சப்நெட். 192.168.10.77, மாஸ்க் (கட்டின் அளவைச் சொல்கிற எண்) /26. ஒரு கட்டுக்கு 64 முகவரி, 0, 64, 128 என்று எண்ணினால் 77 விழுவது 64இல் தொடங்கும் கட்டில், கடைசி 127 புரோட்காஸ்ட் (கட்டில் உள்ள எல்லாருக்கும் அனுப்புகிற முகவரி), முதலும் கடைசியும் போக நடுவில் பாவிக்கக்கூடியது 62. டிக்கோயா வருவதற்குள் மனதில் முடிக்க வேண்டும். இதை மணித்தியாலத்தில் சேர்க்காதீர்கள், ஆனால் என்னைக் காப்பாற்றியது இதுதான்.

எதற்கு எவ்வளவு என்று கேட்டால், பரீட்சையே சொல்லிவிடுகிறது. ஐபி கனெக்டிவிட்டிக்கு (ரூட்டிங் பகுதி) 25 வீதம், நெட்வொர்க் அடிப்படைக்கும் நெட்வொர்க் அக்சஸுக்கும் (சுவிட்ச் பகுதி) 20 வீதப்படி. இந்த மூன்றும் சேர்ந்து 65. ஒட்டோமேஷனுக்கு (நெட்வொர்க்கை புரோகிராம் மூலம் இயக்குவது) 10தான். அதில் இரண்டு மாதம் தொலைக்காதீர்கள், சுவாரசியமாக இருக்கிறதென்று பலர் அங்கேதான் தொலைகிறார்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனர் (அமேசானின் கிளவுட் சேவை பற்றிய ஆரம்பப் பரீட்சை) எழுத வாரம் நாலு மணித்தியாலம் போதுமா? ஆங்கிலம்தான் பயம்.
(பண்டாரவளை வாசகி)

பதில்: தாராளமாகப் போதும் தங்கச்சி, எட்டு வாரம் விடாமல் படித்தால். இதில் கைவேலைக் கேள்வி இல்லை, 65 கேள்வி, 90 நிமிடம், ஆயிரத்துக்கு 700 எடுத்தால் சரி, கட்டணம் 100 டொலர். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள், பலருக்குத் தெரியாது. திகதி பதிவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும், பதிந்த பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை. நாலு மணித்தியாலத்தில் ஒன்றைச் சத்தமாக ஆங்கிலக் கேள்வி வாசிக்க ஒதுக்குங்கள். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி: மகன் இரவு இரண்டு மணி வரை முழித்திருந்து ஏதோ ‘டம்ப்ஸ்’ மனப்பாடம் செய்கிறான். ஒரு மாதத்தில் சேர்ட்டிபிகேட் என்கிறான். நல்லதா?
(தலவாக்கலை வாசகர்)

பதில்: நல்லதில்லை ஐயா. அது வெளியே கசிந்த பரீட்சைக் கேள்விகள். பிடிபட்டால் பெறுபேற்றை இரத்துச் செய்வார்கள், திரும்ப எழுதவும் தடை வரலாம். பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் ஒரு சுவிட்சை முன்னால் வைத்து விலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) போடு என்றால் என்ன செய்வார்? தம்பியைத் திட்ட வேண்டாம், இரவு பத்தரைக்குப் படுக்கச் சொல்லுங்கள், காலையில் ஒரு மணித்தியாலம் போதும். இன்னொன்று, பணம் கட்டுவதற்கு முன் அவருடைய அடையாள அட்டையை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். நம் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்று இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல, பதிந்த பெயரும் கையிலுள்ள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் பரீட்சை நிலைய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.