ரத்த உறைவு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. மகள் மருத்துவம் படிக்கிறாள். முடித்ததும் ரத்தம் உறைவதையும் அதைத் தடுக்கும் மருந்துகளையும் ஆராயப் போகிறேன் என்கிறாள். இதை நம்பிக் காலம் தள்ள முடியுமா என்பது ஒரு கவலை. இத்தனை சின்னத் துறைக்குள் போய் மாட்டிக்கொள்வாளோ என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

துறை சின்னதே இல்லை, அம்மா. காலின் ஆழமான சிரையில் உண்டாகும் உறைகட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மாரடைப்பிலும், பெரும்பாலான பக்கவாதங்களிலும் கடைசியில் குழாயை அடைப்பது ஓர் உறைகட்டிதான். இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள் என்று எந்த வார்டுக்குப் போனாலும் இந்தப் பிரச்சினை இருக்கும். அதனால் ரத்தவியல் வழியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. இதயவியல், மகப்பேறு, மருந்தியல், உயிர்வேதியியல், மரபியல், புள்ளியியல் என எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் மகளுக்கு இது ஒத்துவருமா? மதிப்பெண்ணை வைத்து நான் இதற்குப் பதில் சொல்ல மாட்டேன். இந்தத் துறைக்கு ஒரு குணம் வேண்டும். உறைவதைத் தடுக்க மருந்து கொடுத்தால் ரத்தக்கசிவு வரலாம். கசிவுக்குப் பயந்து நிறுத்தினால் மறுபடியும் கட்டி வரலாம். வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்று ஒரு பரிசோதனை செய்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் பக்கவாத பயம், மேலே போனால் மூளைக்குள் கசியுமோ என்ற பயம். இந்தத் துறையில் யார் எதை ஆராய்ந்தாலும் அந்த இரண்டு பயங்களுக்கு நடுவில்தான் வேலை. 'இது நல்ல மருந்தா, கெட்ட மருந்தா' என்று ஒரே வரியில் பதில் வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைக்கு இது நரகம். 'யாருக்கு, எவ்வளவு, எத்தனை மாதம்?' என்று தானாகவே கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல துறை கிடைக்காது. மகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பொறுமை. ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தின் கதை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1916-இல் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்ததோ நேர் எதிராக உறைவைத் தடுத்தது. அதைச் சுத்தப்படுத்தி மனிதர்களுக்குக் கொடுக்கும் நிலைக்கு வர 1930-கள் ஆகிவிட்டன. வார்ஃபரினும் அப்படித்தான். 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் ஒரு விவசாயி 1933-இல், செத்த மாட்டையும் உறையாத ரத்தம் நிறைந்த கேனையும் ஏற்றிக்கொண்டு கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுக்க 1939 வரை ஆனது. அதிலிருந்து பிறந்த வார்ஃபரின் 1948-இல் முதலில் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது 1954-இல். இதெல்லாம் அந்தக் காலம் என்று தள்ளிவிட முடியாது. மருந்துகள் இப்போதும் பாதியில் விழுகின்றன. சைமெலாகட்ரான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரையைக் கல்லீரல் பாதிப்பு காரணமாக 2006-இல் திரும்பப் பெற்றார்கள். ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றான உறைவுக் காரணி 11-ஐத் தடுத்தால் கசிவு குறைவாக இருக்கும் என்று பெரிதாக நம்பினார்கள். பிறவியிலேயே அந்தக் காரணி குறைந்தவர்களைப் பார்த்து எழுந்த நம்பிக்கை அது. அந்த வகையில் அசுண்டெக்சியன் என்ற மருந்தை, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் அபிக்சபன் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய சோதனையை 2023 நவம்பரில் நடுவிலேயே நிறுத்தினார்கள். தாறுமாறான இதயத்துடிப்பு உள்ளவர்களில் பக்கவாதத்தைத் தடுப்பதில் அது பழையதற்கு ஈடுகொடுக்கவில்லை. அதில் பல ஆண்டு உழைத்தவர்கள் என்ன செய்தார்கள்? தரவை எடுத்து வைத்துக்கொண்டு ஏன் தோற்றது என்று தேட ஆரம்பித்தார்கள். அந்த வகை மருந்துகள் மீதான வேலை நின்றுவிடவில்லை.

பொறுமைக்குப் பலன் கிடைத்த கதையும் உண்டு. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் ஆந்திரியாஸ் கிரைநாகர் என்ற ஆய்வாளர். ஹெப்பாரின் கொடுத்தால் சிலருக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, கசிய வேண்டிய இடத்தில் உறைவு வரும். இந்த விநோதத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர் அவர். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு அரிய விஷயத்துக்கு ஒரு வாழ்நாளா என்று தோன்றும். 2021-இல் ஒருவகைக் கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு சிலருக்கு அதே மாதிரி உறைவு வந்தபோது, அதன் பின்னால் இருந்த எதிர்ப்பொருளைச் சில வாரங்களில் அடையாளம் கண்டவர்களில் அவர் குழுவும் ஒன்று. பதில் தேடும் கருவிகள் அவர்கள் மேசையில் தயாராக இருந்தன. மகள் பிற்பாடு ஓர் அரிய தலைப்பை எடுத்தால், 'இது யாருக்கு உபயோகம்' என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனி அன்றாட வேலை. படத்தில் காட்டுகிற மாதிரி மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதில் கொஞ்சம்தான். உறைவுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் குழாய்க்கு நீல மூடி இருக்கும். உள்ளே ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் கரைசல். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. கோடு வரை ரத்தம் நிரம்பவில்லையென்றால் சிட்ரேட் மிகுந்துபோய், உறையும் நேரம் பொய்யாக நீண்டு காட்டும். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்த பின்னும் இன்னொரு முறை சுழற்றித் தட்டணுக்களை முடிந்தவரை நீக்கிவிட்டுத்தான் உறைநிலையில் வைப்பார்கள். மிச்சம் இருந்தால் சில சோதனைகள் வேறு முடிவு காட்டும். அவசரத்தில் குழாயைப் பாதியில் எடுத்துவிட்ட ஒரு நர்ஸிடம், முகம் சுளிக்காமல் 'இன்னொரு முறை எடுக்கலாமா' என்று கேட்கத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு திறமை.

மீதி நேரம் கணக்கு. 'கணக்கு வராது என்றுதானே உயிரியல் எடுத்தாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் நான் லேசாக விடமாட்டேன். நுரையீரல் உறைகட்டிக்கு ஹெப்பாரினும் மாத்திரையும் சேர்ந்த சிகிச்சை உயிர் காக்கும் என்று 1960-இல் காட்டிய பிரிட்டன் சோதனையில் இருந்தவர்கள் மொத்தம் 35 பேர். சிகிச்சை பெறாத 19 பேரில் 5 பேர் அடைப்பாலேயே இறந்தார்கள். பெற்ற 16 பேரில் அப்படி யாரும் இல்லை. வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. 2009-இல் டாபிகாட்ரான் என்ற புது உறைவுத் தடுப்பு மருந்தை வார்ஃபரினோடு ஒப்பிடும்போது 18,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் தேவைப்பட்டார்கள், ஏனென்றால் நல்ல மருந்துக்கும் இன்னும் கொஞ்சம் நல்ல மருந்துக்கும் உள்ள வித்தியாசம் சிறியது. இன்று யாரும் தனியாளாக இதைச் செய்ய முடியாது. புள்ளியியலாளர் சொல்வதைப் புரிந்துகொண்டு எதிர்க்கேள்வி போடும் அளவுக்காவது அவளுக்குக் கணக்கு வேண்டும். படிக்கும்போதே ஓர் அடிப்படைப் பாடத்தைச் சேர்த்துப் படிக்கட்டும். பிடிக்காமல் போகாது. பள்ளிக்கூடக் கணக்கு வேறு, இது வேறு.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மருத்துவப் பட்டம், அப்புறம் சிறப்புப் பயிற்சி, அப்புறம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு முனைவர் பட்டம் என்று போனால், சொந்தமாக ஓர் ஆய்வுக்குழு அமைவதற்குள் வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிடும். கூடப் படித்தவர்கள் அதற்குள் வீடு கட்டியிருப்பார்கள். ஆய்வு நிதி சில ஆண்டுகளுக்கு மட்டும் வரும், தீர்ந்ததும் மறுபடி விண்ணப்பம், பல தடவை மறுப்பு. அதனால் மருத்துவப் பட்டம் கையில் இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நோயாளிகளை விட்டுவிடாதே. வாரத்தில் ஓரிரு நாளாவது வெளிநோயாளர் பிரிவில் உட்கார். சம்பளம் நிலையாக இருக்கும் என்பதோடு, கேள்விகளும் அங்கிருந்துதான் வருகின்றன. 'இந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடணும் டாக்டர்?' என்று ஒரு நோயாளி கேட்பதில் ஒரு முழு ஆராய்ச்சியே இருக்கிறது. ஆறு மாதத்தில் நிறுத்தலாமா, ஆயுள் முழுக்கத் தொடரலாமா என்பது பல நோயாளிகளுக்கு இன்றும் இழுபறிதான். ஆய்வகமே பிடித்துப்போனால் மருந்து நிறுவனங்கள், பரிசோதனைக் கருவி நிறுவனங்கள், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எல்லாம் இதே அனுபவத்தைத் தேடுகின்றன. பல இடங்களில் பல்கலைக்கழகத்தைவிடச் சம்பளமும் கூடுதல்.

இப்போதைக்கு அவள் எதையும் முடிவு செய்ய வேண்டாம். பட்டப்படிப்பை முழுதாக முடிக்கட்டும். அடுத்த விடுமுறையில் ஓர் உறைவுப் பரிசோதனைக் கூடத்திலோ, உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவர்கள் வரும் கிளினிக்கிலோ சில வாரம் இருந்து பார்க்கட்டும். சலிப்பு வந்தால் சீக்கிரமே வந்துவிடும், அதுவும் நல்லதுதான். பிறகு முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியைத் தேடும் கட்டம் வந்தால், அவர் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். அவர்களில் ஓரிருவரிடம் தனியாகப் பேசவும் செய்யட்டும். வழிகாட்டி அதற்குத் தயங்கினால் வேறு ஆய்வகம் பார்க்கலாம்.