மீட்டர் 7 ஓம் காட்டினால் காயில் போய்விட்டதா?

கேள்வி: ஐயா, போர்வெல்லில் 5 எச்பி மூன்று ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டார் ஓடுகிறது. பெயர்ப்பலகையில் 415 வோல்ட், 9.5 ஆம்பியர். ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டார் வரை 250 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள். ஏற்கெனவே இரண்டு முறை காயில் கருகி ரீவைண்டிங் செய்தாகிவிட்டது. இப்போது ரிலே (ஆம்பியர் மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) அடிக்கடி விழுவதால் மெக்கானிக் அதை 11 ஆம்பியருக்கு ஏற்றிவைத்திருக்கிறார். ஓடும்போது ஸ்டார்ட்டரில் 400 வோல்ட், மூன்று ஃபேஸிலும் 10 ஆம்பியர். "400-ஐ 10-ஆல் வகுத்தால் 40 ஓம் வர வேண்டும். மீட்டரில் 7.1, 7.0, 7.1 ஓம்தான் காட்டுகிறது, காயில் ஷார்ட். மோட்டார் இழுப்பது 4,000 வாட்" என்கிறார் அவர். மோட்டாரை மேலே எடுக்கட்டுமா?

பதில்: காயிலுக்காக எடுக்க வேண்டாம். உங்கள் காயில் ஷார்ட் ஆகவில்லை. ஸ்டார்ட்டரில் மூன்று வயர்களை இரண்டிரண்டாக அளந்த மூன்று ஜோடியிலும் ஓம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதும், மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் ஒன்றாக இருப்பதுமே அதற்குச் சாட்சி. காயிலுக்குள் ஷார்ட் இருந்தால் பெரும்பாலும் மூன்று ஜோடியும் ஒன்றாக இருக்காது.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் என்பது ஹீட்டருக்கு அப்படியே பொருந்தும். ஓடும் மோட்டாரில் கம்பியின் ஓம் மட்டும் மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை. காயிலில் உண்டாகும் காந்தப்புலமும் சேர்ந்து தடுக்கிறது. ஆகவே அந்த 40-ஐ மீட்டர் காட்டும் 7 ஓமோடு ஒப்பிடவே கூடாது. வாட் கணக்கும் தவறு. மூன்று ஃபேஸுக்கு 1.732 × 400 × 10, அதோடு பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டாகும் பங்கு) 0.8 என்று வைத்துப் பெருக்கினால் சுமார் 5,540 வாட். 5 எச்பி மோட்டார் தண்டில் தருவது 3,730 வாட். சப்மெர்சிபிளுக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: அந்த 7 ஓமில் மோட்டாருடையது எவ்வளவு? செம்புக்கு 0.0172-ஐ மீட்டர் நீளத்தால் பெருக்கி ஸ்கொயர் எம்எம்மால் வகுக்க வேண்டும். உங்களுக்கு ஒரு கோருக்கு (கேபிளுக்குள் உள்ள ஒரு கம்பிக்கு) 1.72 ஓம். மீட்டர் ஒரு கோரில் போய் இன்னொன்றில் திரும்புவதால் 3.44. அதாவது நீங்கள் அளந்ததில் பாதி கேபிள்!

காயில் கருகுவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதை ஓமால் பெருக்கினால் வெப்பமாகிப் போகும் வாட். 10 × 10 × 1.72, மூன்று கோருக்கு 516 வாட். நீங்கள் இழுப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கேபிளைச் சூடாக்கவே போகிறது. வோல்ட்டிலும் சுமார் 24 வழியில் குறைகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 376 மட்டுமே. வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். 9.5 இருக்க வேண்டிய இடத்தில் 10 போனால் காயில் கம்பியில் வெப்பம் 11 சதவீதம் கூடும். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் ஆம்பியர் பல மடங்கு ஏறும், வோல்ட் இன்னும் சரியும். இப்படிப்பட்ட மோட்டாருக்கு எத்தனை முறை புதுக் காயில் கட்டினாலும் கருகத்தான் செய்யும்.

கேபிளை 6 ஸ்கொயர் எம்எம்மாக மாற்றுங்கள். ஒரு கோருக்கு 0.72 ஓம், இழப்பு 215 வாட், வோல்ட் குறைவது 10. ஐந்து எச்பிக்கு 2.5 போதும் என்று கடையில் சொல்வார்கள். கேபிள் சூடேறித் தீப்பிடிக்காது என்ற அளவில் மட்டுமே அது உண்மை. 250 மீட்டர் என்ற நீளத்தை அவர்கள் கேட்பதே இல்லை. 7.5 எச்பி மோட்டார் வாங்கச் சொன்னாலும் கேட்காதீர்கள், அதே கேபிளில் அது இன்னும் மோசமாகக் கருகும். பவர் சேவர் என்று விற்கும் பெட்டியும் வேண்டாம். ஸ்டார்ட்டரில் மாட்டும் கெப்பாசிட்டர், ஸ்டார்ட்டருக்கு முன்னால் உள்ள லைனில்தான் ஆம்பியரைக் குறைக்கும். ஸ்டார்ட்டருக்கு அப்பால் கேபிளில் அதே 10 ஆம்பியர்தான் ஓடும்.

கேபிள் மேல் அச்சடித்த எண்ணையும் நம்பாதீர்கள், வாங்கும்போதே சோதியுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு உதவாது. வோல்ட்டும் ஆம்பியரும் உதவும். 100 மீட்டர் சுருளின் மூன்று கோரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணையுங்கள். 12 வோல்ட் டிராக்டர் பேட்டரி, 55 வாட் ஹெட்லைட் பல்பு, 10 ஆம்பியர் ரேஞ்சில் மீட்டர், இந்தக் கோர் எல்லாம் ஒரே வரிசையில் வர வேண்டும். இன்னொரு மீட்டரால், பேட்டரி முனைகளில் அல்ல, கோரின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட்டை அளந்து ஆம்பியரால் வகுங்கள். 6 ஸ்கொயர் எம்எம் என்றால் மூன்று கோருக்கும் சேர்த்து 0.9 ஓம் அருகே வர வேண்டும். 3.6 ஆம்பியரில் 3.2 வோல்ட் காட்டினால் சரி. 4.5 வோல்ட் காட்டினால் 1.25 ஓம், செம்பு மெலிந்திருக்கிறது, அல்லது அது செம்பே இல்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிள் மாற்றும் நாளில் மெயினை அணைத்து, மோட்டார் வயர்களைக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) காயிலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த மோட்டாரை மீண்டும் இறக்கக் கூடாது. மல்டிமீட்டரில் ஓம் அளக்கும்போது அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் அளவை முதலில் கழித்துவிட வேண்டும். ரிலேயை இன்றே 9.5-க்குத் திருப்புங்கள். கேபிள் மாற்றும்வரை அது விழுந்தால் விழட்டும், காயிலைக் காப்பாற்றுகிறது.