நெற்றிமடல் கேள்வி பதில்: பினாங்கு

நெற்றிமடல் என்றால் மூளையின் முன்பகுதி. நரம்புப் பாதிப்புக்கு உடலியக்கச் சிகிச்சை தருபவன் நான். மருந்துக் கேள்விகள் வேண்டாம்.

பட்டர்வொர்த் அக்கா: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குக் கைகால் நன்றாக அசைகிறது. ஆனால் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பிடிவாதமா?

இல்லக்கா. தசைக்குக் கட்டளை அனுப்புவது நெற்றிமடலின் பின்விளிம்பில் உள்ள இயக்கப் புறணி. அது தப்பியிருக்கலாம். வேலையைத் தொடங்கி வைப்பதில் பெரும் பங்கு மூளையின் இரு அரைக்கோளங்களும் எதிரெதிரே பார்க்கும் உட்பக்கத்துக்கு. அங்கே அடிபட்டால் பலம் இருக்கும், தொடக்கம் இருக்காது. "என்னப்பா சாப்பிடுறீங்க?" என்றால் பதிலே வராது. இட்லித் தட்டை முன்னால் வைத்து, அவர் கையை எடுத்துத் தட்டில் வையுங்கள். பலர் அதன்பின் தாமாகவே சாப்பிடுவார்கள். பேசும்போதும் ஒரே சொல்: "எழுங்கப்பா." அவர் எழும்வரை அடுத்த சொல் வேண்டாம். மனச்சோர்வும் இதே கோலத்தில் வரும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சோம்பேறி என்று மட்டும் ஏசாதீர்கள்.

ஜெலுத்தோங் தம்பி: இடது மூளையில் அடிபட்டால் வலது கை ஏன் விழுகிறது?

இயக்க நரம்பிழைகளில் பெரும்பகுதி, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுகிறது.

பாயான் லெப்பாஸ் வாசகி: அம்மாவுக்கு நாம் பேசுவது புரிகிறது, சொல்தான் வரவில்லை. உருட் (எண்ணெய் மசாஜ்) செய்யலாமா?

இடது நெற்றிமடலின் கீழ்ப்பகுதியாக இருக்கலாம். பேச்சுக்கான இடம் என்று பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா 1861-ல் காட்டியது. பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள். இது திடீரென்று வந்ததென்றால் உருட் வேண்டாம், அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

ஆயர் ஈத்தாம் மாணவன்: ஃபினியஸ் கேஜ் தலையில் கம்பி துளைத்ததும் நல்லவன் கெட்டவனாகி, கடைசிவரை அப்படியே இருந்தானாமே? டியூஷனில் சொன்னார்கள்.

பாதிக் கதை. 1848, அமெரிக்காவின் வெர்மான்ட், ரயில்பாதை வேலை. 1.1 மீட்டர் நீளம், 6 கிலோ இரும்புக் கம்பி. முரடனாகிவிட்டான் என்று அவனுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் ஹார்லோ விரிவாக எழுதியது 1868-ல். கேஜ் 1860-லேயே இறந்துவிட்டான். இடையில் சிலியில் பல ஆண்டு குதிரை வண்டி ஓட்டியிருக்கிறான்.

டியூஷன் ஆசிரியர்: ஹார்லோ நேரில் பார்த்தவர் சார். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

ஆரம்ப மாற்றத்தை நான் மறுக்கவில்லை சார். "கடைசிவரை" என்பதைத்தான் மறுக்கிறேன். ஆறு குதிரை, ஏற்றிய சுமை, மலைப்பாதை, நேரக் கணக்கு: திட்டமிடத் தெரியாதவனிடம் கடிவாளத்தைக் கொடுப்பார்களா?

மாணவன்: அப்போ எந்தப் பகுதி போச்சு?

மண்டையோடு ஹார்வர்டில் இருக்கிறது. 1994-ல் ஆராய்ந்தவர்கள் இருபக்க நெற்றிமடலும் என்றார்கள். 2004-ல் சிடி ஸ்கேன் செய்தவர்கள் இடது மட்டும் என்றார்கள்.

ஆசிரியர்: அதற்காகப் பாடத்தை மாற்ற முடியுமா?

மாற்ற வேண்டாம் சார், சிலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கை டுவா அண்ணன்: உருட்...

மறுபடியுமா! முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் 999. மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம். எண்ணெய் தடவி அதைக் கழிக்காதீர்கள்.

பிறை வாசகர்: வல்லாரை ஜூஸ்?

குடியுங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.