தொட்டி மிளகாயில் பூ கொட்டுகிறது, நாற்றும் குட்டையாக நிற்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் இதைப் படித்து முடிக்கும் வரை பாட்டிலைத் திறக்காதீர்கள். ஒரே சாயங்காலத்தில் பதினாறு மிளகாய்ச் செடிகளைப் பாழாக்கியவன் சொல்கிறேன்.

நான் வேளாண்மை படித்தவன் இல்லை. மொட்டை மாடியில் தொட்டி வைத்திருக்கும் அலுவலக ஆசாமி. விவரம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள். என் அண்ணன் விவசாயி. கீழே உருப்படியாக ஏதாவது இருந்தால் அது அவன் சொன்னது.

உங்களைப் போலத்தான் எனக்கும். செடி பூத்த முதல் வாரம் வீட்டில் எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அடுத்த வாரம் காலையில் மாடியைக் கூட்டினால் முறம் நிறையப் பூ. மருந்துக் கடையில் சொன்னதும் ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்து, 'இதை அடிங்க, பூ நிக்கும்' என்றார்கள். உள்ளே இருந்தது என்ஏஏ, அதாவது நாப்தலீன் அசிட்டிக் அமிலம், 4.5 சதவீதம். லேபிளில் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. நானும் வாசிக்கவில்லை. ஒரு லிட்டர் கைத்தெளிப்பானில் ஒரு மூடி ஊற்றி, குலுக்கி, இலை சொட்டச் சொட்ட அடித்தேன்.

மறுநாளே இலைகள் கீழ்நோக்கி முறுக்கிக்கொண்டன. இலைச்சுருட்டு நோய் என்று நினைத்து வேப்பெண்ணெயும் அடித்தேன். (செய்ததெல்லாம் சொல்லிவிடுகிறேன்.) ஒரு வாரத்தில் மிச்சமிருந்த பூ, பிஞ்சு எல்லாம் கீழே. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"நோயா இருந்தா ஒண்ணு ரெண்டு செடியில ஆரம்பிச்சுப் பரவும்டா. பதினாறும் ஒரே நாள்ல முறுக்குதுன்னா அது நீ அடிச்சது. எவ்வளவு ஊத்துன?"

"ஒரு மூடி."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கணக்குப் போட்டுக் காட்டினான். 4.5 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 45 மில்லிகிராம் மருந்து. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் கலந்தால் அது 1 பிபிஎம். பூ உதிர்வதை நிறுத்தக் கொடுப்பது 10 முதல் 20 பிபிஎம் வரைதான். ஆக, நாலரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி ஊற்றினால் 10 பிபிஎம். என் மூடி 5 மில்லி பிடிக்கும். அதை ஒரு லிட்டரில் ஊற்றியதால் 225 பிபிஎம். 10 பிபிஎம்மோடு ஒப்பிட்டால் இருபது மடங்குக்கு மேல்.

பூவை நிறுத்தும் மருந்தே பூவைக் கொட்டுமா என்று கேட்டேன். கொட்டும். பூக்காம்பின் அடியில் மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. பூவிலிருந்தும் பிஞ்சிலிருந்தும் ஆக்சின் என்ற ஹார்மோன் இறங்கிக்கொண்டே இருக்கும் வரை அந்த அடுக்கு பிடித்துக்கொள்ளும். மகரந்தம் சேராமல் போனால் வரத்து நின்று காம்பு கழன்றுவிடும். என்ஏஏ இந்த ஆக்சினைப் போலச் செயல்படுகிற செயற்கைப் பொருள், அதனால் அந்த வரத்தை ஈடுகட்டுகிறது. அளவு மீறினால் செடி எத்திலீன் வாயுவைக் கூடுதலாகச் சுரக்கும். எத்திலீன் வேலையே காம்பைக் கழற்றுவது. ஆப்பிள் தோட்டங்களில் இதே என்ஏஏ-யைப் பூ முடிந்ததும் தெளித்து அதிகப்படிப் பிஞ்சை உதிர்க்கிறார்கள், அறுவடை நெருங்கும்போது தெளித்துப் பழுக்கும் காயை உதிராமல் நிறுத்துகிறார்கள். அளவும் நேரமும் மாறினால் வேலையும் தலைகீழாகிவிடுகிறது. இது மட்டும் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பாட்டிலைப் பூட்டி வைத்திருப்பேன்.

சரி, உங்களுக்கு வேண்டியது: வாளியில் நாலரை லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, சிரிஞ்சில் ஒரு மில்லி எடுத்துக் கலந்து, அதிலிருந்து தேவையானதைத் தெளிப்பானில் எடுங்கள். உங்கள் பாட்டிலும் 4.5 சதவீதமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஒரு லிட்டருக்கு நேரடியாக அளந்தால் கால் மில்லிக்கும் குறைவாக வரும், அதில் கை தவறும். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை மட்டும் தொடாதீர்கள். 2,4-டி என்கிற களைக்கொல்லியும் ஆக்சின் வகைதான். அண்ணன் அதை அடித்த தெளிப்பானை ஒரு தடவை தண்ணீரில் அலசிவிட்டுத் தக்காளிக்கு மருந்து அடித்தான். இலையெல்லாம் நார் நாராகப் போய்விட்டது. (இதை அவன் அதிகம் சொல்வதில்லை.)

அதற்கும் முன்னால், பூ ஏன் கொட்டுகிறது என்று பாருங்கள். யூரியா கூடிப்போய்ச் செடி இலையாகவே வளர்ந்தாலும், தொட்டி ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் நிரம்பி வழிந்தாலும் கொட்டும். கடும் வெயிலில் மகரந்தம் கெட்டாலும் கொட்டும். என் மாடியில் பாதிக் குற்றம் தண்ணீர் மேல்தான் என்று பிறகு தெரிந்தது. ஹார்மோன் செடிக்கு எதையும் ஊட்டுவதில்லை. இருப்பதை எங்கே செலவழிப்பது என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

குட்டை நாற்றுக்கும் ஹார்மோன் கேட்டிருந்தீர்கள். அதற்கு அடிப்பது ஜிப்ரலின், தண்டை நீட்டி வளர்க்கும் ஹார்மோன். வேண்டாம். ஜப்பானில் நெல் நாற்று சில சமயம் திடீரென்று ஒல்லியாக, உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். அங்கே விவசாயிகள் அதை 'முட்டாள் நாற்று' என்ற பொருளில் பக்கானே என்றார்கள். 1926-ல் குரோசாவா என்ற ஆய்வாளர், ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் அதற்குக் காரணம் என்று காட்டினார். ஜிப்ரலின் கண்டுபிடிக்கப்பட்ட கதையே அதுதான். விதையில்லாத் திராட்சையில் மணி பெருக்க அது நல்ல மருந்து. உங்கள் நாற்றுக்கு அடித்தால் அதுவும் நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். வெளிச்சமும் பெரிய தொட்டியும் கொடுத்துப் பாருங்கள்.

உடனே யாராவது 'இயற்கைக்கு விரோதமான ஹார்மோன்' என்று எழுதுவார்கள். ஆக்சின் செடிக்குள்ளேயே சுரப்பது. 1920-களில் வெண்ட் என்ற டச்சுக்காரர் ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகர் (கடற்பாசி ஜெல்லி) கட்டி மேல் வைத்தார். பிறகு நுனி இழந்த முளையின் ஒரு பக்கத்தில் அந்தக் கட்டியை வைத்ததும் முளை வளைந்தது. நுனியிலிருந்து ஏதோ கட்டிக்குள் இறங்கியிருக்கிறது என்று அப்படித்தான் நிரூபித்தார். என்ஏஏ தொழிற்சாலையில் செய்வதுதான், மறுக்கவில்லை. வேண்டாதவர்கள் விட்டுவிடலாம். எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு தரவில்லை.

ஹார்மோனை நான் பயமில்லாமல் சிபாரிசு செய்வது குச்சிக்கு வேர் பிடிக்க வைக்க மட்டும். அதற்கு ஐபிஏ (இதுவும் ஆக்சின் வகைதான்) கலந்த பவுடர் கிடைக்கும். பென்சில் கனத்தில் செம்பருத்திக் குச்சி வெட்டி, அடிப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் நனைத்து, பவுடரில் தொட்டு, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். டப்பாவுக்குள்ளேயே குச்சியை விடாமல் கொஞ்சம் தனியாகக் கொட்டிக்கொள்ளுங்கள், ஈரம் பட்டால் மிச்சமும் வீண். மண்ணில் முதலில் துளை போட்டுவிட்டுச் செருகினால்தான் பவுடர் உரசிப் போகாது. தலைகீழாக நடாதீர்கள். ஆக்சின் நுனியிலிருந்து அடிக்குத்தான் இறங்கும். எனக்குப் பத்தில் ஏழெட்டு பிடிக்கிறது. பவுடர் இல்லாமல் வைத்த காலத்தில் மூன்று பிடித்தால் பெரிது.

பிடித்ததும் என்ன ஆகிறது? வீட்டுக்கு வருகிறவர்கள் 'ஒண்ணே ஒண்ணு' என்று தொட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறார்கள். செடி போகட்டும், அதற்குத்தான் வளர்க்கிறேன். தொட்டியைத் திருப்பித் தந்தவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. ஒரு அத்தை போன மாதம் வந்து, கொண்டுபோன செடி செத்துவிட்டது என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டு இன்னொன்றை எடுத்துப் போனார். தொட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்தப் பதினாறில் பதினொன்றை வெட்டிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தேன், புதுத் துளிர் நேராகவே வந்தது. மீதி ஐந்து பிழைக்கவில்லை. உங்கள் பாட்டிலில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது? கருத்தில் எழுதுங்கள், உங்கள் தெளிப்பானுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.