பேலம் முதல் மேகாலயா வரை: குகை பற்றி நீங்கள் கேட்டவை

பேலம் குகைக்குப் பலமுறை போயிருக்கிறேன், மேகாலயாவில் மூன்று குளிர்காலம் சேற்றில் தவழ்ந்திருக்கிறேன், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஊர்சுற்றி: அக்கா, சென்னையிலிருந்து குடும்பத்தோடு போகிற மாதிரி குகை எது? அம்மாவுக்கு 62 வயசு, முட்டி வலி வேற.

பேலம்தான். ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லா பக்கம். மும்பை வழி ரயிலில் தாடிபத்ரியில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 30 கி.மீ. மலை எதையும் தேடாதீர்கள். சமதரையில் கிணறு மாதிரி ஒரு பள்ளம், அதற்குள் படி, அவ்வளவுதான் வாசல். அளந்த நீளம் 3,229 மீட்டர். நாம் நடப்பது அதில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். விளக்கு உண்டு, காற்று ஊதும் குழாயும் உண்டு.

அம்மாவை முதல் கூடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குகையின் மிக ஆழமான இடமான பாதாளகங்கைக்கு இறங்குவதை விட ஏறுவதுதான் முட்டிக்குப் பாடு. அந்த இடம் 46 மீட்டர் ஆழம்.

வெயில்காரன்: குகைன்னா ஜில்லுனு இருக்கும்னு போனேன். சட்டையைப் பிழியலாம் போல வேர்த்துது. ஏன்?

எல்லாரும் ஏமாறும் இடம் இது. ஆழமான குகைக்குள் பகல், இரவு, கோடை, குளிர் எதுவும் பெரிதாக எட்டாது. வெளியூரின் ஆண்டுச் சராசரி வெப்பம் எதுவோ அதை ஒட்டித்தான் உள்ளேயும் இருக்கும். ராயலசீமையின் சராசரி என்ன என்று உங்களுக்கே தெரியும். அதோடு காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை காய வழியில்லை, இட்லிப் பானைதான். பருத்திச் சட்டை, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். ஜீன்ஸ் வேண்டாம்.

பழசுதேடி: இதைக் கண்டுபிடிச்சது வெள்ளைக்காரர்தானா?

எழுதி வைத்தவர் வெள்ளைக்காரர். 1884இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் குறித்து வைத்தார். நம் பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கைக்கோடரியை எடுத்தாரே, அதே ஃபூட். பிறகு நூறு வருடம் யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. 1980களின் தொடக்கத்தில் கெபாவர் என்ற ஜெர்மானியரின் குழு உள்ளே புகுந்து வரைபடம் போட்டது. மக்களுக்குத் திறந்தது 2002இல். ஆனால் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே பௌத்தத் துறவிகள் உள்ளே தங்கியிருந்த தடயம் கிடைத்திருக்கிறது. அப்புறம் எங்கே 'கண்டுபிடிப்பு'!

டீச்சரம்மா: பசங்களுக்குச் சொல்லணும். குகை எப்படி உருவாகுது? கல்விழுதைத் தொடக்கூடாதுன்னு ஏன் கத்துறாங்க?

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, கிட்டத்தட்ட சோடா மாதிரி. அது சுண்ணாம்புப் பாறையின் விரிசலில் இறங்கிக் கரைத்துக் கரைத்து வழி உண்டாக்குகிறது. நீர்மட்டம் இறங்கியதும் வழி காலியாகிறது, அதுதான் குகை. பிறகு கூரையில் கசியும் துளி வாயுவை வெளியே விட்டுவிட்டு, கரைத்து வந்த சுண்ணாம்பை அங்கேயே வைத்துவிட்டுச் சொட்டுகிறது. கூரையில் தொங்கினால் கல்விழுது, தரையில் எழும்பினால் கல்முளை. பல இடங்களில் வளர்ச்சி வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். நம் விரல் எண்ணெய் பட்ட இடத்தில் புதுச் சுண்ணாம்பு ஒட்டாது.

மேகாலயாவின் மௌம்லு குகையில் எடுத்த ஒரே ஒரு கல்முளையில் பழைய வறட்சியின் சுவடு பதிந்திருந்தது. அதை வைத்துத்தான் 4,200 வருடம் முன்பு தொடங்கிய நிலவியல் காலப்பிரிவுக்கு 2018இல் 'மேகாலயன்' என்று பெயர் வைத்தார்கள். பசங்களிடம் இதைச் சொல்லுங்கள், கை தானாகப் பின்னால் போகும்.

கொடைக்கானல் பையன்: அப்போ எங்க ஊர் குணா குகை?

அது வேறு சாதி. அங்கே இருப்பது கெட்டியான பாறை, தண்ணீரில் கரையாது. பெரும்பாறைகளுக்கு இடையே விழுந்த செங்குத்துப் பிளவு அது. பலர் விழுந்து இறந்த இடம். கம்பி வேலி தாண்டுவது வீரம் இல்லை தம்பி.

நிலவறை: விளக்கு, படி எதுவும் இல்லாத குகைக்குப் போக ஆசை. என்ன வாங்கணும்?

வாங்குவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். மேகாலயா என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான். குகை தண்ணீர் போன வழி என்றேனே, மழை வந்தால் தண்ணீர் தன் பழைய வழிக்குத் திரும்பும். தாய்லாந்தின் தாம் லுவாங்கில் 2018 ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் உள்ளே போன பிறகு நடந்தது அதுதான். கடைசி ஆள் வெளியே வந்தது ஜூலை 10. மீட்கப் போன முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் உயிரைவிட்டார்.

பிறகுதான் சாமான். ஹெல்மெட், ஆளுக்கு மூன்று விளக்கு. போன் டார்ச் கணக்கில் வராது. மூன்று எதற்கு என்று நானும் சிரித்தவள்தான். முதல் வருடமே இடுப்பளவு தண்ணீரில் என் ஹெட்லேம்ப் அணைந்தது. பையில் துழாவி எடுத்த இரண்டாவதில் பேட்டரி இல்லை. உடன் வந்த காசி அண்ணன் ஒருவர் (காசி என்பது அங்குள்ள பழங்குடி) ஒன்றும் சொல்லாமல் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அந்த மௌனத்தை விட ரெண்டு திட்டு வாங்கியிருக்கலாம்.

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் வேண்டாம். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டே இறங்குங்கள்.

மூச்சுமுட்டி: லிஃப்ட்லயே எனக்குப் பயம். முயற்சி பண்ணலாமா?

மேகாலயாவின் சோராவில் (நம் பாடப்புத்தகச் சிரபுஞ்சிதான்) இருக்கிற மௌஸ்மாய் குகை உங்களுக்குச் சரி. உள்ளே 150 மீட்டர்போல விளக்குப் போட்டிருக்கிறார்கள், மறுபக்கம் வெளியே வந்துவிடலாம். நடுவில் ஓரிரு இடத்தில் உடம்பை ஒடுக்கவேண்டும். கூட்டம் வருமுன் காலையிலேயே போங்கள், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தெரிந்தவராக இருக்கட்டும். முதல் இடுக்கிலேயே வேண்டாம் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். நானும் இரண்டு முறை திரும்பியிருக்கிறேன்.