சிறுவர் உரிமைக் கட்டுரையும் ஒரு சிறுமியின் பெயரும்

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நான் வவுனியா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பல்கலைக்கழக மாணவர்களுக்கான சிறுவர் உரிமைக் கட்டுரைப் போட்டிக்கு எழுத விரும்புகிறேன். எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் உள்ளது. பக்கத்து வீட்டுத் தங்கச்சி எட்டாம் ஆண்டு படிக்கிறாள். கச்சான் (நிலக்கடலை) பிடுங்கும் காலம் வந்தால் தாய் விடியவே கூலிக்குப் போய்விடுவார். இவள் பள்ளிக்கூடம் போகாமல் இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். தகப்பன் இல்லை. பெயரோடும் படத்தோடும் எழுதினால் நடுவர்களின் மனதில் பதியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பிள்ளையின் கல்வி உரிமையைத் தாயே மீறுகிறார் என்று கட்டுரையை முடிக்க நினைக்கிறேன். இப்படி எழுதலாமா?

ஒரு மாணவன், வவுனியா

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் அந்தப் பிள்ளையின் பெயரும் ஊரின் பெயரும் இருந்தன. இரண்டையும் நீக்கிவிட்டே இங்கே வெளியிட்டிருக்கிறேன். கட்டுரையிலும் நீக்கிவிடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்டது என்பதையும் இலங்கை 1991 இல் அதற்கு ஏற்புறுதி வழங்கியது என்பதையும் போட்டிக்கு வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை முதல் பந்தியிலேயே சொல்லிவிடும். அதன் 54 உறுப்புரைகளில் 28 ஆவது கல்வியைப் பற்றியது. அதை நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். ஆனால் 16 ஆவது உறுப்புரையையும் எடுத்து வாசியுங்கள். பிள்ளையின் அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் வீட்டிலும் எவரும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது, அவளுடைய மானத்துக்கும் நற்பெயருக்கும் பங்கம் விளைவிக்கக் கூடாது என்கிறது அது. பரிசு பெற்ற கட்டுரை பத்திரிகையில் வந்து, வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை அதை உரக்க வாசித்தால், நீங்கள் காப்பாற்ற நினைத்த தங்கச்சி அடுத்த நாள் எந்த முகத்தோடு பாடசாலைக்குப் போவாள்?

2009 இல், போரில் இடம்பெயர்ந்த மக்கள் தங்கவைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நான் கண்டதொன்றைச் சொல்கிறேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்பிய ஒரு சிறுவனை, பார்வையிட வந்தவர்கள் மறுபடியும் வரிசையில் போய் நிற்கச் சொன்னார்கள். நிரம்பிய தண்ணீர்க் கானை இரண்டு கையாலும் பிடித்தபடி, காற்சட்டை நனைய நனைய அவன் நின்றான். படம் எடுத்தார்கள், பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவன் எதையாவது சொல்ல விரும்புகிறானா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்தக் கானின் பாரம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

தாயைப் பற்றிய உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. வயல் வேலையும் கச்சான் வேலையும் சில வாரங்களே கிடைக்கும். அந்த வாரங்களின் கூலியை வைத்துத்தான் கடைக்கடனையும் நுண்கடனையும் அடைக்க வேண்டும். கணவன் இல்லாத ஒரு பெண் கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவாள்? பிள்ளை வளர்க்கும் பொறுப்பில் பெற்றோருக்கு அரசு உதவ வேண்டும் என்றும், வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்புச் சேவைகளின் பயன் கிடைக்க வேண்டும் என்றும் 18 ஆவது உறுப்புரை சொல்கிறது. இலங்கையில் கட்டாயக் கல்விக்கான உச்ச வயது 2016 இல் 14 இலிருந்து 16 ஆகவும், வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயது 2021 இல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டன. சட்டம் வயதை உயர்த்தியது. அந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள உங்கள் ஊரில் ஓர் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதுவே உங்கள் கட்டுரையின் மையம். பாடசாலை அதிபரிடம் அனுமதி பெற்று, எந்தெந்த மாதங்களில் வரவு குறைகிறது என்று கேளுங்கள். பெயர்கள் எதுவும் உங்களுக்கு வேண்டாம், எண்ணிக்கை போதும். பிரதேச செயலகத்திலிருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்தியுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பு தங்கச்சியிடம் பேசுங்கள். தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பது 12 ஆவது உறுப்புரை. தாய்க்குத் தெரிந்தே, அவருடைய சம்மதத்தோடு, திண்ணையில் இருந்து பேசுங்கள். பாடசாலையில் தவறவிட்ட எந்தப் பாடம் அவளுக்குக் கடினமாக இருக்கிறது, திரும்பிப் போகும் நாளில் ஆசிரியர் என்ன கேட்கிறார், தம்பியைப் பார்ப்பது அவளுக்குப் பாரமா விருப்பமா என்று கேளுங்கள். நீங்கள் எதிர்பாராத பதில்கள் வரலாம். வேண்டாம் என்று அவள் சொன்னால் அவள் கதையை விட்டுவிடுங்கள். யாராவது தன்னைத் துன்புறுத்துவதாகச் சொன்னால் கட்டுரையை மறந்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

எழுதி முடித்ததும், போட்டிக்கு அனுப்பும் முன்னர் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா